சிந்துபாத் முதல் இரும்புக்கை மாயாவி வரை: தமிழ்ச் சிறுவர் படக்கதைகள் – ஓர் ஆய்வு

முன்னுரை

முடிவின்றி நீளும் எதையும் ‘கன்னித்தீவு’ என்று சொல்வது தமிழ்நாட்டில் வழக்காகிவிட்டது. வழக்குமன்றத்தில் இழுபடும் வழக்கும், ஆண்டுக்கணக்கில் நடைபெறும் பாலப்பணியும் கன்னித்தீவாகவே மக்கள் வாயில் வழங்குகின்றன. ஒரு நாளிதழின் மூலையில் சில கட்டங்களாக வெளிவந்த படக்கதை ஒன்று மரபுத்தொடராகவே மாறியிருக்கிறது. மொழியில் இத்துணை ஆழமாக வேரூன்றிய ஒரு வகையைத் தமிழ்த்துறைகள் இன்றளவும் ஆய்வுப் பொருளாகக் கொண்டது குறைவே. சிறுவர் இலக்கியம் பாடத்திட்டத்தில் இடம்பெறும் இடங்களிலும் பாட்டும் கதையும் நாடகமும் பேசப்படும். படக்கதை ஒரு வரியில் முடிந்துவிடும்.

படக்கதை இலக்கியமாகுமா? அது சிறுவர்க்கு நன்மை பயக்குமா? நம் சமுதாயப் பெரியோர் அதனை எவ்வாறு நோக்கல் வேண்டும்? இம்மூன்று வினாக்களுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கட்டம் கட்டமாக வரைந்த படங்களும், அவற்றோடு இணைந்த சொற்களும் சேர்ந்து ஒரு கதையைக் கூறுவதே படக்கதை. அது நீண்டு, ஒரு புதினத்துக்குரிய வாழ்க்கை விரிவைப் பெறும்போது ‘கிராஃபிக் நாவல்’ என்கின்றனர். அதனைச் ‘சித்திரப் புதினம்’ என்று கூறலாம்.

தமிழ் மரபில் படமும் கதையும்

படத்தைக் காட்டிக் கதை கூறுதல் மேனாட்டார் நமக்குக் கற்பித்த கலையன்று. பரிபாடலின் பத்தொன்பதாம் பாடல் திருப்பரங்குன்றத்தைப் பாடுகிறது. அங்குள்ள ஓவியங்களைக் காண வருவோர் ‘இவர் யார்? இவர் என் செய்கின்றார்?’ என்று வினவ, உடன் வந்தோர் சுட்டிக்காட்டி விளக்குகின்றனர். இந்திரன், அகலிகை, கௌதமன் ஆகியோர் கதை அங்கே சுவரில் விரிகிறது. படத்தைப் ‘படித்தல்’ என்னும் செயலைத் தமிழ்ப் புலவர் ஒருவர் அத்துணைப் பழங்காலத்திலேயே பதிவு செய்திருப்பது ஈண்டு நினைக்கத்தக்கது. வீரனின் உருவத்தையும் அவன் பெயரையும் பீடையும் ஒரே கல்லில் பொறித்த நடுகல்லும், விளக்கொளியில் உருவத்தை அசைத்துப் பேச்சையும் பாட்டையும் இணைத்த தோற்பாவைக் கூத்தும் இம்மரபின் பிற கிளைகளாம்.

இசுலாமிய உலகிலும் இம்மரபு வளமுடையதே. நம் நாட்டுப் பஞ்சதந்திரக் கதைகள் ஆறாம் நூற்றாண்டில் பாரசீகத்தின் பழைய மொழியாகிய பகலவிக்கும், எட்டாம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பஃ என்பாரால் அரபுக்கும் சென்று ‘கலீலா வ திம்னா’ எனப் பெயர் பெற்றன. பல வண்ணங்களில் விலங்குகளின் உருவங்கள் இடம்பெறுதல் இந்நூலின் பயன்களுள் ஒன்று என்று அதன் முன்னுரையே கூறுகிறது. பக்தாதில் வாழ்ந்த ஓவியர் அல்வாசித்தி 1237-ஆம் ஆண்டில் அல்ஹரீரியின் ‘மகாமாத்’ நூலுக்கு வரைந்த படங்கள் இன்றும் பாரிசு தேசிய நூலகத்தில் உள்ளன. பேரரசர் அக்பர் பதினாறாம் நூற்றாண்டில் வரையச் செய்த ‘ஹம்சா நாமா’ ஏறத்தாழ 1,400 பெரும்படங்களைக் கொண்டது. துணியில் வரைந்த ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் கதைப்பகுதி எழுதப்பெற்றது. படத்தை அவையோர்க்குக் காட்ட, கதையை உரக்கப் படித்துக் காட்டுதற்கு ஏற்ற அமைப்பு அது. இன்றைய படக்கதையின் பாட்டன் என்று அதனைக் கூறுதல் மிகையாகாது.

மேற்கு வங்கத்தின் ‘பட்டுவா’ அல்லது ‘சித்ரகார்’ எனப்படும் ஓவியர் குடியினரையும் இங்கே குறிப்பிடல் வேண்டும். நீண்ட சுருளில் கட்டம் கட்டமாக வரைந்து, ஒவ்வொரு கட்டமாக விரித்துச் சுட்டிப் பாடுவோர் இவர்கள். இவர்களுள் மிகப் பலர் இசுலாமியர். எனினும் இராமாயணத்தையும் மனசா தேவியின் கதையையும் பீர்களின் வரலாற்றையும் ஒருங்கே பாடுகின்றனர். அக்குடியைச் சேர்ந்த மொய்னா சித்ரகார் வரைந்த இராமாயணச் சித்திர நூலை 2011-இல் சென்னையின் தாரா பதிப்பகம் வெளியிட்டது. கதைக்கு வேலி இல்லை என்பதற்கு இஃது ஒரு நற்சான்று.

கடல் கடந்து வந்த சிந்துபாத்

தினத்தந்தி நாளிதழில் 1960-ஆம் ஆண்டு தொடங்கிய ‘கன்னித்தீவு’ அறுபது ஆண்டுகளைக் கடந்து நீண்ட தொடராகும். நாளுக்குச் சில கட்டங்கள், அவ்வளவே. தேநீர்க் கடையிலும் முடிதிருத்தகத்திலும் நாளிதழைப் பிரித்தவுடன் இதனைத் தேடிய கண்கள் எத்தனையோ! எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய எளியோர் பலர்க்கு அந்தச் சில கட்டங்களே நாள்தோறும் கிடைத்த பாடமாயின.

இதன் தலைவன் சிந்துபாத் நமக்கு அயலான் அல்லன். ‘ஆயிரத்தொரு இரவுகள்’ தொகுதியில் ஏழு கடற்பயணங்களை மேற்கொள்ளும் வணிகன் அவன். கலீபா ஹாரூன் அல்ரஷீதின் காலத்துப் பக்தாதைச் சேர்ந்தவனாகவும் பஸ்ரா துறைமுகத்திலிருந்து கலமேறுபவனாகவும் கதை கூறும். அவனுடைய ஆறாம் பயணம் அவனைச் ‘சரந்தீபு’ எனப்படும் இலங்கைக்குக் கொண்டு சேர்க்கிறது. சிந்துபாத் கதைகள் தொடக்கத்தில் தனித்து வழங்கியவை என்றும், 1704 முதல் வெளிவந்த அந்துவான் கலான் அவர்களின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பின் வாயிலாகவே அவை அத்தொகுதியோடு உலகெங்கும் இணைத்துப் பேசப்படலாயின என்றும் ஆய்வாளர் கூறுவர். அரபு வணிகர் நம் கடற்கரைப் பட்டினங்களுக்குக் குதிரையும் கொண்டு வந்தனர், கதையும் கொண்டு வந்தனர். அக்கதைகளுள் ஒன்றின் தலைவன் இருபதாம் நூற்றாண்டில் தமிழ் நாளிதழில் வேட்டி கட்டிய வாசகர்க்கு உறவினன் ஆனான்.

ஆயின் ஒன்றை நோக்குதல் வேண்டும். கன்னித்தீவில் இளவரசி லைலாவைச் சிற்றுருவாக்கிய மந்திரவாதியின் பெயர் மூசா. திருக்குர்ஆனில் நபி மூசா (அலை) அவர்கள் பிர்அவ்னின் மந்திரவாதிகளைத் தம் கைத்தடியால் வென்றவர். மந்திரவாதிகளை வென்றவரின் பெயர் படக்கதையில் மந்திரவாதிக்கே அமைந்துவிட்டது. இதனைத் தீய நோக்கம் எனக் கூறுதல் பொருந்தாது. அரபுப் பெயர் ஒன்று வேண்டியிருந்தது, கிடைத்த பெயரை இட்டனர் என்பதே பொருத்தமாகும். எனினும் மூசா என்னும் பெயருடைய நம் வீட்டுச் சிறுவன் ஒருவன் பள்ளியில் ‘மந்திரவாதி’ என்று அழைக்கப்படும்போது, பெயரின் பொருளை அறியாமல் எழுதுவதற்கும் அறிந்து எழுதுவதற்கும் உள்ள வேறுபாடு விளங்கும். நம் கதையை நாம் எழுதாவிடில் பிறர் தமக்குத் தெரிந்தவாறே எழுதுவர். இக்கட்டுரையின் மையக்கருத்து இதுவே.

சிவகாசி தந்த கொடை

தமிழில் சிறுவர் இதழ்களின் பொற்காலம் ஒன்று இருந்தது. 1947 சூலையில் நாகி ரெட்டியும் சக்கரபாணியும் தொடங்கிய ‘அம்புலிமாமா’ ஓவியத்துக்குத் தனி மதிப்புத் தந்தது. விக்கிரமாதித்தன் தோளில் வேதாளத்தைச் சுமந்து செல்லும் புகழ்பெற்ற ஓவியத்தைத் தந்த ஓவியர் சங்கர், நிறைவாழ்வு வாழ்ந்து 2020-இல் மறைந்தார். 1950-இல் அழ. வள்ளியப்பா முயற்சியால் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்றியது. 1967-இல் அனந்த் பை மும்பையில் தொடங்கிய ‘அமர் சித்திரக் கதை’ வரிசை பல இந்திய மொழிகளில் பரவியது.

இக்காலச் சூழலில்தான் 1972-இல் சிவகாசியில் எம். சௌந்திரபாண்டியன் ‘முத்து காமிக்ஸ்’ இதழைத் தொடங்கினார். பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் நாட்காட்டிக்கும் பெயர்பெற்ற அவ்வூரின் அச்சுத்திறன் படக்கதைக்கும் பயன்பட்டது. முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. முல்லை தங்கராசன் போன்றோர் அதன் தொடக்கக்காலத்தில் ஆசிரியப் பணியாற்றினர். 1984-இல் சௌந்திரபாண்டியனின் மகன் எஸ். விஜயன் ‘லயன் காமிக்ஸ்’ இதழைத் தொடங்கினார். அதே 1984-இல் தினத்தந்தி குழுமத்திலிருந்து ‘ராணி காமிக்ஸ்’ வெளிவந்தது. வாண்டுமாமா என்னும் புனைபெயரால் தமிழ்ச் சிறுவர் அனைவர்க்கும் மாமாவாக விளங்கிய வி. கிருஷ்ணமூர்த்தி (1925–2014) ஆசிரியராக அமைந்த ‘பூந்தளிர்’ இதழும் அவ்வாண்டிலேயே மலர்ந்தது. ஓராண்டில் மூன்று இதழ்கள்! அப்போது பள்ளியில் பயின்ற தலைமுறையே இன்று கல்லூரிகளில் ஆசிரியராகவும் அலுவலகங்களில் அதிகாரிகளாகவும் விளங்குகிறது.

இவற்றுள் அம்புலிமாமாவும் பூந்தளிரும் ராணி காமிக்சும் இன்று வெளிவருவதில்லை. சிவகாசி இதழ்கள் இடையில் தளர்ந்தும், 2012 சென்னைப் புத்தகக் காட்சியையொட்டிப் புத்துயிர் பெற்றும் தொடர்கின்றன. 2015-இல் வெளியிடப்பெற்ற ‘மின்னும் மரணம்’ போன்ற வண்ணப் பெருந்தொகுதிகள் தமிழிலும் கெட்டி அட்டைச் சித்திரப் புதினத்துக்கு வாசகர் உண்டு என்பதைக் காட்டின. ஆயின் அவற்றை வாங்குவோருள் பெரும்பாலோர் அன்றைய சிறுவர்களாகிய இன்றைய நடுவயதினரே. சிறுவர்க்கெனத் தோன்றிய வகை சிறுவரை இழந்து நிற்பது கவலைக்குரியது.

மொழிபெயர்ப்பில் தமிழாக்கத் திறன்

இவ்விதழ்கள் வெளியிட்டவற்றுள் மிகப்பல மேனாட்டுக் கதைகளின் மொழிபெயர்ப்புகளே. இதனை ஒரு குறையாக மட்டும் காணுதல் தகாது. கம்பர் முதல் உமறுப்புலவர் வரை, வேற்று மொழிப் பொருளைத் தமிழாக்கி வளர்ந்ததே நம் இலக்கியம்.

‘இரும்புக்கை மாயாவி’ என்னும் பெயரையே எடுத்துக்கொள்வோம். 1962-இல் இங்கிலாந்தின் ‘வேலியண்ட்’ வார இதழில் தோன்றிய இக்கதையின் ஆங்கிலப் பெயர் உருக்குக் கைந்நகம் என்ற பொருளை மட்டுமே தரும். கையிழந்த ஆய்வகப் பணியாளன் லூயிஸ் கிராண்டல் உலோகக் கை பொருத்திக்கொள்கிறான். மின்சாரம் பாய்ந்தால் அவன் உடல் மறையும், கை மட்டும் தெரியும். தமிழாக்கியோர் ‘கை’யை மட்டும் கூறாமல் ‘மாயாவி’ என்னும் சொல்லையும் சேர்த்தனர். தெரிவது கை, மறைவது ஆள். இரண்டையும் ஒரே தொடரில் அடக்கிவிட்டனர். மூலத்தில் இல்லாத செறிவு பெயர்ப்பில் வாய்த்தது. நம் மாணவர் மொழிபெயர்ப்புத் தாளில் கற்க வேண்டிய நுட்பம் இது.

மற்றொரு சிக்கல் இடம். உரையாடலுக்காக வரையப்பெற்ற குமிழியின் அளவு ஆங்கிலத்துக்கு ஏற்றது. தமிழ்ச் சொற்கள் ஒட்டுநிலை காரணமாக நீள்வன. ஆகவே மொழிபெயர்ப்பாளன் சுருங்கச் சொல்லுதலைக் கட்டாயம் பயில வேண்டியவனாகிறான். நன்னூலார் நூலுக்குரிய அழகுகளுள் முதலாவதாகச் சுருங்கச் சொல்லலை வைத்தார். அவ்வழகினைச் சிவகாசியின் மொழிபெயர்ப்பாளர் குமிழியின் நெருக்கடியில் கற்றனர் எனலாம்.

படக்கதையின் இலக்கணம்

படக்கதை இலக்கியமாகுமா என்னும் வினாவுக்குத் தொல்காப்பியத்தைக் கொண்டே விடை காணலாம்.

முதலாவது எச்சம். ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் இடையே வெண்மையான இடைவெளி ஒன்று உண்டு. கதையின் பாதி அங்கேதான் நிகழ்கிறது. எடுத்துக்காட்டாக, நம் ஊரப்பாக்கம் தொடர்வண்டி நிலையத்தை வைத்து நான்கு கட்டங்களைக் கற்பனை செய்வோம். முதற் கட்டத்தில் நிலையத்துக் கடிகாரமும், புத்தகப் பையுடன் ஓடிவரும் மாணவனும். இரண்டாவதில் புறப்பட்டுவிட்ட தாம்பரம் வண்டி. மூன்றாவதில் ஆளற்ற நடைமேடையில் கிடக்கும் ஒற்றைச் செருப்பு. நான்காவதில் வண்டிக்குள் ஒரு கால் வெறுங்காலாக, மூச்சிரைக்க நிற்கும் அதே மாணவன். சுற்றியுள்ளோர் முகத்தில் சினமும் சிரிப்பும். அவன் வண்டியைத் துரத்தியதையோ, தாவியதையோ, செருப்பு நழுவியதையோ எந்தக் கட்டமும் காட்டவில்லை. மூன்றாம் கட்டத்தில் நம் நெஞ்சு பதைத்தது. நான்காம் கட்டத்தில் அமைதியுற்றது. கூறாமல் விட்டதைக் கூறியவற்றைக் கொண்டு கொள்ளவைக்கும் இம்முறை, எச்சவியல் கூறும் குறிப்பெச்சத்தோடு ஒப்பிடத்தக்கது. ஆகவே படக்கதை படிக்கும் சிறுவன் சோம்பேறியாகப் படம் பார்க்கவில்லை; இடைவெளிதோறும் அவன் கதையைத் தானே இயற்றுகிறான்.

இரண்டாவது மெய்ப்பாடு. நகை முதல் உவகை ஈறாக எண்வகை மெய்ப்பாட்டைத் தொல்காப்பியர் வகுத்தார். உள்ளத்து உணர்வு உடம்பில் புலப்படுதலே மெய்ப்பாடு. புருவத்தின் ஒரு கோட்டில் வெகுளியையும், தோளின் சாய்வில் அழுகையையும் காட்டும் ஓவியன் மெய்ப்பாட்டியலின் மாணவனே. நாம் வகுப்பில் மெய்ப்பாட்டியல் நடத்தும்போது ஒரு படக்கதையின் பக்கத்தை, சொற்களை மறைத்துவிட்டு, மாணவரிடம் தரலாம். எட்டனுள் எது எங்கே என்று அவர்களே கண்டறிவர்.

மூன்றாவது ஒலிக்குறிப்பு. ‘டுமீல்’, ‘தொம்’, ‘விர்ர்ர்’, ‘தடால்’ என்னும் சொற்களைப் பெரியோர் நகைப்பர். சலசல, கலகல, மடமட என்னும் இரட்டைக்கிளவிகளைப் பெற்ற மொழி நம்முடையது. ஒலியைச் சொல்லாக்கும் ஆற்றல் தமிழின் பழஞ்சொத்து. படக்கதை அதற்கு எழுத்துருவின் அளவையும் சாய்வையும் சேர்த்துத் தந்தது. பெரிதாக எழுதிய ஒலி உரத்த ஒலி என்பதை எந்தக் குழந்தைக்கும் ஆசிரியர் கற்பிக்க வேண்டியதில்லை.

பெரியோர் கூறும் தடைகள்

நம் பெரியோர் படக்கதையை ஐயுறுதற்கு மூன்று காரணங்கள் கூறுவர். அவற்றை மதித்து ஆராய்வோம்.

‘படக்கதை படித்தால் பாடம் கெடும்’ என்பது முதற்காரணம். இவ்வச்சம் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 1954-இல் மனநல மருத்துவர் பிரெடெரிக் வெர்தாம் படக்கதைகள் சிறுவரைக் குற்றவாளிகளாக்குகின்றன என்று ஒரு நூல் எழுதினார். மேலவையில் விசாரணை நடந்தது. வெளியீட்டாளர் தமக்குத்தாமே கட்டுப்பாட்டு விதிகள் வகுத்துக்கொண்டனர். இங்கிலாந்தில் 1955-இல் சட்டமே இயற்றப்பெற்றது. ஆனால் வெர்தாமின் குறிப்பேடுகளைப் பின்னர் ஆராய்ந்த கேரல் டில்லி, அவர் தம் சான்றுகளைத் திரித்தும் மிகைப்படுத்தியும் எழுதியிருந்ததை 2012-இல் வெளிப்படுத்தினார். அச்சம் நேர்மையானதாயினும் சான்று நேர்மையாக இல்லாவிடில் முடிவு பிழையாகும்.

இரண்டாவது காரணம் வன்முறை. இதில் உண்மை உண்டு. துப்பாக்கியே தீர்வாக அமையும் கதைகள் மிகுதி. மேனாட்டுக் கதைகள் சிலவற்றில் ஆப்பிரிக்கரும் செவ்விந்தியரும் அரபியரும் இழிவாகச் சித்திரிக்கப்பட்டமையும் மறுக்க இயலாது. இதற்குரிய மருந்து விலக்கன்று, தெரிவு. நல்ல நூலைத் தெரிந்தெடுத்துத் தருதலும், தீயது கண்டவிடத்துப் பிள்ளையோடு அமர்ந்து ‘இதில் இவன் ஏன் இப்படி வரையப்பட்டான்?’ என்று வினவுதலும் பெற்றோரின் கடன். இவ்வகை தன்னளவில் விளையாட்டுத்தனமானதன்று என்பதற்குச் சான்றுகள் உள. யூதர் படுகொலையை எலியும் பூனையுமாகச் சித்திரித்த ஆர்ட் ஸ்பீகல்மனின் ‘மௌஸ்’ 1992-இல் புலிட்சர் சிறப்புப் பரிசு பெற்றது. ஜோ சாக்கோ 1993 முதல் வெளியிட்ட ‘பாலஸ்தீனம்’, மேற்குக் கரையிலும் காசாவிலும் தாம் நேரிற்கண்டு கேட்ட துயரங்களைச் செய்தியாளர்க்குரிய நேர்மையோடு படமாக்கியது. அண்ணல் அம்பேத்கர் பட்ட தீண்டாமைக் கொடுமைகளைக் கோண்டுப் பழங்குடி ஓவியர் துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் ‘பீமாயணா’ என 2011-இல் வரைந்தனர். கட்டமும் குமிழியும் எத்துணைப் பெரிய துயரத்தையும் தாங்க வல்லன என்பதை இந்நூல்கள் மெய்ப்பித்தன. இவை வளர்ந்த மாணவர்க்குரியவை. இளஞ்சிறார்க்கு உரியவை வேறு.

மூன்றாவது காரணம் நம் சமுதாயத்துக்கே உரியது. உயிருள்ளவற்றை உருவமாக வரைதல் ஆகுமா என்பது குறித்து மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதில் தீர்ப்புக் கூறுதல் நம் தகுதிக்கு அப்பாற்பட்டது. எனினும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் இளமையில் பொம்மைகளை வைத்து விளையாடியதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுக்கவில்லை என்னும் நபிமொழியைச் சான்றாகக் கொண்டு, சிறுவர் விளையாட்டுப் பொருள்களுக்கு அறிஞர் பலர் இசைவு தந்துள்ளமையை நினைவூட்டலாம். நபிமார்களை உருவமாக வரைதல் நம் சமுதாயத்துக்கு உடன்பாடன்று. இவ்வெல்லையும் படைப்புக்குத் தடையாகாது. முஸ்தபா அக்காத் இயக்கி 1976-இல் வெளிவந்த ‘தி மெசேஜ்’ திரைப்படம் நபிகள் நாயகத்தின் உருவத்தையோ குரலையோ ஓரிடத்தும் காட்டாமல், எதிரே நிற்போரின் முகங்களைக் கொண்டே வரலாற்றைச் சொல்லி முடித்தது. மறைத்துச் சொல்லும் வன்மை குறிப்பெச்சத்தில் உண்டென மேலே கண்டோம்.

ஊரப்பாக்கத்துச் சிறுவனும் தமிழ் எழுத்தும்

இனி, இவ்வாய்வு நம் ஊர்க்கு என்ன பயன் தரும் என்று நோக்குவோம். தாம்பரத்துக்குத் தெற்கே வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என நீளும் இப்பகுதி ஒருகாலத்தில் ஏரியும் வயலும் சூழ்ந்த சிற்றூர்களின் தொகுதி. இன்று அடுக்ககங்கள் எழுந்துள்ளன. 2023 இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையமும் திறக்கப்பட்டது. திருநெல்வேலி, இராமநாதபுரம், வேலூர் எனப் பல மாவட்டத்தினர் இங்குக் குடியேறியுள்ளனர். இக்குடும்பங்களின் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுவர். பள்ளியில் ஆங்கிலத்தில் பயில்வர். பேசத் தெரிந்த தமிழைப் படிக்கத் தெரியாத தலைமுறை ஒன்று நம் கண்முன் வளர்கிறது. கைப்பேசியின் அசையும் படம் அவர்களைக் கவர்கிறது. அசையாத எழுத்து அவர்களை அச்சுறுத்துகிறது.

அசையும் படத்துக்கும் அசையா எழுத்துக்கும் இடையிலுள்ள பாலமே படக்கதை. படம் பொருளை முன்னரே உணர்த்திவிடுவதால், ‘ஓடு’ என்னும் சொல்லைப் படிக்குமுன்பே ஓடுபவனைச் சிறுவன் கண்டுவிடுகிறான். பொருள் தெரிந்தபின் எழுத்தைக் கூட்டுவது எளிது. குமிழிக்குள் இருப்பது பேச்சு; பேச்சுத்தமிழ் அவனுக்கு முன்னரே தெரியும். ஒரு வரியில் தோல்வியுற்றாலும் அடுத்த கட்டம் அவனைக் கைதூக்கிவிடுகிறது. தமிழகப் பள்ளிக் கல்வித்துறை 2022-இல் ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ என்னும் மாணவர் இதழ்களையும், பின்னர் வாசிப்பு இயக்கத்தின் வழி ‘நுழை, நட, ஓடு, பற’ என நிலை வகுத்த படநூல்களையும் கொண்டு வந்தமை இவ்வுண்மையை உணர்ந்த செயலாகும். அவை அரசுப் பள்ளி மாணவரை நோக்கியவை. தனியார் பள்ளியில் பயிலும் நம் புறநகர்ச் சிறுவர்க்கு வீடும் கல்லூரியும் பள்ளிவாசல் மக்தபும் அப்பணியைச் செய்தல் வேண்டும்.

நாம் ஆற்ற வேண்டிய பணி

கிஸ்ஸா, மசலா, முனாஜாத்து, நாமா, படைப்போர் எனத் தமிழுக்குப் புதிய இலக்கிய வகைகளை வழங்கியோர் நம் முன்னோர். அரபுச் சொல்லாகிய ‘கிஸ்ஸா’வைக் கதைப்பாட்டாக்கி, எழுதப் படிக்கத் தெரியாத பெண்களும் கேட்டு மகிழ இல்லந்தோறும் பாடச் செய்தனர். தம் காலத்து மக்களுக்கு எவ்வடிவம் எளிதோ அவ்வடிவத்தை அவர்கள் தயங்காமல் ஏற்றனர். இன்றைய சிறுவர்க்கு எளிய வடிவம் படக்கதை. ஆகவே படக்கதை எழுதுதல் மரபை மீறுதலன்று. கிஸ்ஸா எழுதியோர் சென்ற வழியில் செல்லுதலே.

பொருளுக்குப் பஞ்சமில்லை. பதினான்காம் நூற்றாண்டில் இலங்கையின் ஆதம் மலையைக் கண்டு, மஅபர் கரையருகே கலமுடைந்து தப்பி, மதுரைச் சுல்தானைச் சந்தித்த இப்னு பதூதாவின் பயணம் ஒரு படக்கதைக்கு ஏற்றது. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர்க்கு வள்ளல் சீதக்காதி துணைநின்ற செய்தி மற்றொன்று. மதுரையை ஆண்டு, 1764-இல் தூக்கிலிடப்பட்ட கான்சாகிபு மருதநாயகத்தின் வாழ்வு வளர்ந்த மாணவர்க்குரிய சித்திரப் புதினமாகவே விரியும். வரலாற்று மாந்தரே வேண்டும் என்பதும் இல்லை. நோன்புக் கஞ்சிக்குக் கிண்ணமேந்தி வரிசையில் நிற்கும் சிறுவனும், அவனோடு நிற்கும் பக்கத்து வீட்டு முருகனும், ‘உம்மா’ என்றும் ‘அத்தா’ என்றும் அழைக்கும் இயல்பான பேச்சும் தமிழ்ப் படக்கதையில் நாம் அரிதாகவே கண்டவை. தன் வீட்டுப் பேச்சைக் குமிழிக்குள் காணும் குழந்தைக்குத் தமிழ் எழுத்து தன்னுடையதாகிறது.

இதற்கெனத் துறை மாணவர்க்கு மூன்று பணிகளை முன்மொழிகிறோம். முதலாவது, தத்தம் வீட்டிலும் உறவினர் வீட்டிலும் உள்ள பழைய படக்கதை இதழ்களைத் திரட்டி, இதழின் பெயர், ஆண்டு, கதைத் தலைப்பு, மூலமொழி ஆகியவற்றைப் பட்டியலிடுதல். மலிந்த தாளில் அச்சான அவ்விதழ்கள் நாளும் உதிர்ந்து வருகின்றன. பழைய தாள் கடைக்குச் சென்றபின் அவற்றை மீட்டல் அரிது. இரண்டாவது, எழுத்து கற்ற வகையை மூத்தோரிடம் கேட்டு எழுதுதல். கன்னித்தீவைக் கொண்டு எழுத்துக் கூட்டப் பயின்றோர் நம் வீடுகளிலேயே இருத்தல் கூடும். மூன்றாவது, எழுதத் தெரிந்த மாணவரும் வரையத் தெரிந்த மாணவரும் இணைந்து எட்டுப் பக்க அளவில் படக்கதை ஒன்றை ஆக்குதல். எழுத்தும் ஓவியமும் ஒருவர்க்கே வாய்த்தல் அரிது. இருவர் கூடி ஆக்குதலே இக்கலையின் இயல்பு.

முடிவுரை

திருப்பரங்குன்றத்துச் சுவரோவியத்தைச் சுட்டிக் கதை சொன்ன சங்ககால மாந்தர் முதல் ஹம்சா நாமாவின் துணியோவியம் வரை, படமும் சொல்லும் இணைந்த கதைமரபு தமிழர்க்கும் இசுலாமியர்க்கும் பொதுவானது. அம்மரபு இருபதாம் நூற்றாண்டில் நாளிதழின் கட்டங்களிலும் சிவகாசியின் இதழ்களிலும் புது வடிவம் பெற்றது. எச்சமும் மெய்ப்பாடும் ஒலிக்குறிப்பும் அதன் இலக்கணமாதலின் அது தமிழ்த்துறையின் ஆய்வுக்கு உரியதே. அதன் குறைகள் தெரிவினால் நீக்கத்தக்கவை. அதன் நன்மை, தமிழ் எழுத்தினின்று விலகிச் செல்லும் சிறுவரை மீட்டுத் தருதல்.

பிள்ளையின் கையில் படக்கதையைக் கண்டால் பிடுங்குமுன், அவன் அருகில் அமர்ந்து ஒரு பக்கத்தை உரக்கப் படிக்கச் சொல்லுமாறு பெற்றோரையும் பெரியோரையும் வேண்டுகிறோம். அவன் தடுமாறும் இடம் எது, தடையின்றிச் செல்லும் இடம் எது என்பது அப்போது புலனாகும்; அங்கிருந்தே அவனுக்குத் தமிழ் கற்பித்தலைத் தொடங்கலாம். நம் மாணவர் ஆக்கும் எட்டுப் பக்கக் கதைகள் அடுத்த ஆண்டு மலரில் இடம்பெறுதல் வேண்டும் என்பது எம் விருப்பம். வல்ல இறைவன் அதற்கு அருள்புரிவானாக!